மூன்று தடவை பிரித்த சிலிண்டர்

டீ நன்றாக இருந்தது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பக்கத்து அறையில் இருக்கும் என் மகனுக்கும் ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள், அவனுக்கு இப்படி இருந்தால்தான் பிடிக்கும். அவன் பெண்டாட்டியை அவனே கொன்றுவிட்டான் என்று நினைக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பிரேக் ஆயில் ஊற்றியதும் அவன்தான், கடைசி நேரத்தில் லாரியில் ஏறாமல் நின்றதும் அவன்தான். ஆனால் அந்த டின்னை அவனிடம் நீட்டியது யார் என்று நீங்கள் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அந்த லாரி என்னைவிட மூத்தது. பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்ததை மகன் வாங்கி வந்தான். அதில் ரொட்டிக் கடை போட்டு, துறைமுகத்துப் பக்கம் போய்ப் பிழைக்க வேண்டும் என்பது மருமகளின் யோசனை. "பழைய வண்டின்னா எல்லாரும் நின்னு பாப்பாங்க மாமா," என்பாள். கெட்டிக்காரி. அவள்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது.

இன்ஜினை மகன் பார்த்துக்கொண்டான். நான் ஆயுள் முழுக்க மெக்கானிக்காக இருந்தவன் என்பதால் பிரேக்கை என்னிடம் விட்டான். மிதித்தால் பெடல் நேரே தரைக்குப் போனது. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன். நாம் மிதிக்கிற அழுத்தத்தை நாலு சக்கரத்துக்கும் அனுப்புவது அதுதான். உள்ளே ஒரு பிஸ்டன், அதன் முனையில் ரப்பர் வாஷர், சுற்றிலும் ஆயில், அவ்வளவே. புது வாஷர் போட்டு மாட்டினேன். பிறகு குழாயிலிருந்து காற்றை எடுக்க வேண்டும், அதற்கு இரண்டு ஆள் தேவை. மகன் மேலே உட்கார்ந்து மிதித்தான், நான் அடியில் படுத்துக்கொண்டேன்.

"மிதி. பிடிச்சுக்க. இப்ப விடு."

"விட்டுட்டேன்ப்பா. நீங்க முகத்துல ஆயில் தெறிக்காம பாத்துக்கங்க."

அவன் அம்மா போன பிறகு நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டதே இல்லை. பிரேக் சரியாகிவிட்டால் கிளம்பிவிடுவார்கள். அந்த வீட்டில் நான் யாரிடம் பேசுவது? சாயங்காலம் அவன் குளிக்கப் போனபோது சிலிண்டரைத் திரும்பக் கழற்றி, உள்சுவரில் ஆணியால் ஒரு கோடு இழுத்தேன். மறுநாள் ஆயில் கசிந்தது. வேறு சிலிண்டர் தேடி அலைந்து கொண்டுவந்தான். இரண்டாம் தடவை வாஷரை வேண்டுமென்றே தலைகீழாகப் போட்டேன், பெடல் மறுபடி தரைக்குப் போனது. அப்போதும் அவன் சலித்துக்கொள்ளவில்லை. "விடுங்கப்பா, வயசாச்சுல்ல," என்று தோளில் தட்டினான். அதற்காகவே இன்னும் பத்துக் கோளாறு செய்யலாம் போலிருந்தது.

மருமகளுக்குத்தான் பொறுமை போய்விட்டது. "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு வேற மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கேன்," என்றாள். வேறு ஆள் பிரித்துப் பார்த்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மூன்றாம் தடவை எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தேன். பிரேக் ஆயில் டின்னில் மட்டும் பாதி இன்ஜின் ஆயிலைக் கலந்து மகன் கையில் கொடுத்தேன். அவன் ஊற்றினான். பிரேக் ரப்பருக்கு அது ஆகாது, குடித்துக் குடித்து ஊதும். ஆனால் உடனே ஒன்றும் தெரியாது. மறுநாள் வந்த மெக்கானிக் மிதித்துப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு. பெரியவர் கையே தனி," என்று பாராட்டிவிட்டுப் போனார். ரப்பர் ஊதினால் பிரேக் விடாமல் பிடிக்கும், சக்கரம் சூடாகும், வண்டி வழியிலேயே நின்றுவிடும். கட்டி இழுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள் என்றுதான் நினைத்தேன்.

கிளம்புகிற அன்று, கைபிரேக் கம்பி அறுந்திருப்பதை மருமகள் காட்டினாள். "அது எதுக்கும்மா, கால் பிரேக்தான் கல்லு மாதிரி இருக்கே," என்றேன். இருவரும் ஒன்றாகப் போவதாகத்தான் இருந்தது. நான்தான் மகன் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வேளை என்கூட சாப்பிட்டுட்டுப் போடா. அவ முன்னாடி போகட்டும், நீ பைக்ல போய்ப் பிடிச்சுக்கலாம்."

அவள் சிரித்தாள். "வயிறார சாப்பாடு போட்டு அனுப்புங்க மாமா," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். அவனுக்கு இன்னொரு கரண்டி வைக்கும்போது போன் வந்தது.

ஊரைத் தாண்டியதும் அந்தப் பெரிய இறக்கம். சக்கரச் சூட்டில் ஆயில் கொதித்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பெடலில் ஒன்றும் இருக்காது. அது எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். பிரேக் வேலை பார்த்த ஒவ்வொரு வண்டியையும் அந்த இறக்கத்தில் நானே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். இந்த ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. தெரியும், ஐயா.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? மகனை விட்டுவிடுங்கள். இதோ வீட்டுச் சாவி. அடுப்படியில் பால் இருக்கிறது, காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள். இனி அவன் என் முகத்தில் விழிக்க மாட்டான், பரவாயில்லை. நான் திரும்பி வரும்வரை வீட்டை விட்டு எங்கேயும் போகக் கூடாது என்று மட்டும் நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். கேட்பான். அவனைக் கூட்டிக்கொண்டு போகத்தான் இப்போது யாரும் இல்லையே.