ஒத்தைக் கம்மல்

பாடகி: ரெண்டாவது சரணத்தை நான் பாட மாட்டேன்.

இசைக்காரர்: சாயந்தரம் பாட்டு கம்பெனிக்குப் போகணும். இப்ப வந்து...

பாடகி: வேற எவளையாவது வச்சுப் பாடிக்கோ.

இன்ஜினியர்: அண்ணி, ரெக்கார்டிங்ல பல்லவியைப் பிச்சு உதறிட்டீங்க. 'செல்ஃபி எடுக்கத் தெரியுது, செல்லம் கொஞ்சத் தெரியல'... கேக்கறவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

பாடகி: பல்லவி ஊரைக் கிண்டல் பண்ணுது தம்பி. சரணம் என்னைக் கிண்டல் பண்ணுது.

இசைக்காரர்: உன்னை யாரு சொன்னா? போனே கதின்னு கிடக்கற எவளோ ஒருத்தி...

பாடகி: 'அழுகை வந்தாலும் வெளிச்சம் பார்த்துத் திரும்புவா'... இது ஆஸ்பத்திரியில நீ என்னைச் சொன்னது. எங்கப்பா உள்ள கிடக்கும்போது!

இசைக்காரர்: அழற மூஞ்சியைப் போட்டோ எடுத்துப் போட்டியா இல்லையா?

பாடகி: போட்டேன்!

இசைக்காரர்: புருஷன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். மகாராணிக்கு ஊரான்கிட்ட ஆறுதல் கேக்குது.

பாடகி: பக்கத்துல உக்காந்து என்ன பண்ணே?

இசைக்காரர்: ட்யூன்... கேட்டுட்டிருந்தேன். போன்ல.

இன்ஜினியர்: நான் வேணா ஒரு டீ...

பாடகி: நீ எங்கயும் போகாதே. அடுத்த வரியைப் படி.

இன்ஜினியர்: 'ஒத்தைக் கம்மல் மாட்டிக்கிட்டு ஒய்யாரமா சிரிச்சா'...

பாடகி: இது உனக்கு எப்படித் தெரியும்?

இசைக்காரர்: எது?

பாடகி: ஒரு காதுல கம்மல் இல்லாம இன்ஸ்டால ஸ்டோரி போட்டுட்டேன். பதறிப்போய் உடனே எடுத்துட்டேன். நீதான் அந்தக் கருமத்துப் பக்கமே தலைவச்சுப் படுக்கறதில்லையே?

இசைக்காரர்: யாரோ... சொன்னாங்க.

பாடகி: பார்த்தது யாருன்னு அதுலயே காட்டும். ஒரே ஒரு ஆளு. மூஞ்சி இல்லாத அக்கவுண்ட். நான் எதைப் போட்டாலும் முதல் ஹார்ட்டு அதுதான் விடும்.

இன்ஜினியர்: அய்யய்யோ... அண்ணே, நீங்களா?

இசைக்காரர்: டேய், நீ வாயை மூடு! ... ஆமா, நான்தான். பொண்டாட்டி என்ன பண்றான்னு புருஷன் பார்க்கக் கூடாதா?

பாடகி: ஒளிஞ்சு பார்ப்பே, ஹார்ட்டும் விடுவே. அப்புறம் பாட்டெழுதி என் மானத்தை வாங்குவே. வெக்கமா இல்லை?

இசைக்காரர்: ...எப்பலேருந்து தெரியும்?

பாடகி: சமையல்ரூம்ல நான் வீடியோ போட்ட கையோட ஹால்ல உன் போன்ல என் குரல் கேட்டுச்சே, அன்னிக்கே. ஆஸ்பத்திரிக்கெல்லாம் ரொம்ப முன்னாடி.

இசைக்காரர்: தெரிஞ்சுமா போட்டே? அப்ப அந்த அழுகை... யாருக்குடி போட்டே?

பாடகி: உனக்குத்தான்யா! ஒரே பெஞ்சுல உக்காந்து, ட்யூன் கேக்கறேன்னுட்டு போன்ல என் இன்ஸ்டா பக்கத்தையே தள்ளித் தள்ளிப் பார்த்துட்டிருந்தே. நான் அழறேன்னு உனக்கு வேற எப்படித்தான் சொல்றது?