நான் நீக்கிய நாலு வரி

எழுத்துப்பிழை எனக்குப் பொறுக்காது சார். பஸ்ஸின் பெயர்ப்பலகையில் ஒரு கால் விட்டுப்போயிருந்தால் இறங்கும்வரை மனசு அதையே சுற்றும். மலையாள இணையக் கலைக்களஞ்சியத்துக்குள் நான் போனதும் அப்படித்தான். எங்கள் ஊரான பாலத்துருத்தியின் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பக்கத்திலேயே இருந்தது. திருத்தினேன்.

சொந்தப் பெயரை அங்கே யாரும் கேட்பதில்லை. கைதப்பூ, அதாவது தாழம்பூ, என்று வைத்துக்கொண்டேன். ஏழு வருஷத்தில் நானூறு கட்டுரைக்கு மேல் எழுதினேன். கரிமீன், படகுத்துறைகள், வெள்ளத்தில் போன பழைய பாலம், ஊரில் இருந்த நாடகக் குழு. எல்லாவற்றுக்கும் சான்று உண்டு. கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர்கள் ஆலப்புழையில் கூட்டம் வைத்து எனக்குப் பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. போனால் எங்கே வேலை என்று கேட்பார்கள்.

வேலை துருத்தி கெமிக்கல்ஸில், மக்கள் தொடர்பு அதிகாரியாக. அந்த நானூறில் ஒன்று எங்கள் ஆலையைப் பற்றியது. சம்பளம் வாங்கும் இடத்தைப் பற்றி எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எழுத வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருக்கிறது. நலமுரண் என்பார்கள். அந்த விதியின் மலையாள வாசகத்தைச் செப்பனிட்டவர்களில் நானும் ஒருவன். ஆகவே தெரியாது என்று சொல்ல மாட்டேன். மற்றவர்களுக்கு அது தேவை என்றுதான் நினைத்தேன். நான் நடுநிலையாக எழுதக்கூடியவன்.

யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. எங்கள் மேலாளர் கோசி சார் ஒருநாள் செல்போனை நீட்டி, "நம்ம பேரைத் தட்டினா முதல்ல இதுதான்டா வருது. எவனோ நல்லா எழுதியிருக்கான்" என்றார். நான் சிரித்தேன். அவ்வளவுதான்.

அந்தக் கட்டுரையில்தான் ஏலிக்குட்டி டீச்சர் நாலு வரி சேர்த்தார். கணக்கு டீச்சர், ஓய்வுபெற்றவர். அவருடைய கணவர் பவுலோஸ் எங்கள் ஆலையில் ஆப்பரேட்டராக இருந்தவர். நான் சேர்வதற்கு முன்பு, தொண்ணூற்றொன்பதில், குழாய் ஒன்று கசிந்து அவரும் இன்னும் மூன்று பேரும் இறந்தார்கள். டீச்சர் எழுதியது இது:

"கசிந்தது பாஸ்ஜீன் என்ற வாயு. புதிதாக அறுத்த புல் மாதிரி வாசம் அடிக்கும். பட்டவர்கள் அன்றைக்கு நன்றாகவே இருப்பார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மறுநாள் நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோவார்கள், ஒரு நாள் முழுக்க அசையவிடாமல் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்."

நடை சரியில்லை. கலைக்களஞ்சியம் இப்படியெல்லாம் யாருக்கும் புத்திமதி சொல்வதில்லை. சான்றாக அவர் கொடுத்தது நின்றுபோன ஒரு உள்ளூர்ப் பத்திரிகையின் துண்டு, அதில் தேதி கிழிந்திருந்தது. நீக்கினேன். மறுபடி போட்டார். மறுபடி நீக்கினேன். இப்படிப் பதினேழு தடவை.

கட்டுரைக்குப் பின்னால் விவாதம் செய்ய ஒரு பக்கம் உண்டு. அதில் டீச்சர் எழுதினார்: "மோனே, நீ யாருன்னு எனக்குத் தெரியாது. சான்று கேக்கற. என் வீட்டுக்காரர் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மீன்கறி ஊத்திச் சோறு தின்னாரு, மறுநாள் மத்தியானம் இல்ல. இதுக்கு நான் எங்க போய்ச் சான்று வாங்கறது?"

நான் மரியாதையாகவே பதில் போட்டேன். இறந்தவரின் மனைவி என்று நீங்களே சொல்கிறீர்கள், ஆகவே இந்த விஷயத்தில் உங்களுக்கு நலமுரண் இருக்கிறது, தயவுசெய்து விலகியிருங்கள் என்று. நிர்வாகிகளுக்கும் எழுதினேன். நானூறு கட்டுரை எழுதிய கைதப்பூவின் சொல்லை அவர்கள் தட்டவில்லை. டீச்சரை நிரந்தரமாகத் தடை செய்தார்கள். ஆலைக் கட்டுரை சுத்தமாயிற்று.

அது நடந்து இரண்டு வருஷம் கழித்து, போன இடவப்பாதி மழைக்கு முன்னால், மே மாசக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வால்வு ஒன்று பழுதானது. ஆறே நிமிஷத்தில் மூடிவிட்டார்கள். ஆனால் மதிலுக்குப் பின்னால் ஒன்பது பெண்கள் கால்வாயைத் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள், நூறுநாள் வேலைக்காரர்கள். கண் எரிகிறது, இருமல் வருகிறது என்று ஆட்டோக்களில் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டார்கள்.

கோசி சார் என்னை அனுப்பினார். "வாயுவோட பேரை மட்டும் வெளியே விட்டுடாதே" என்றார். பேர் வெளியே வந்தால் ஆலையை மூடிவிடுவார்கள், முந்நூற்று நாற்பது குடும்பம் தெருவுக்கு வரும் என்றார். அது நியாயமான கவலை.

நான் போனபோது இருமல் நின்றிருந்தது. ஒன்பது பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் ஷெறின் என்று சின்னப் பெண், வேலைக்கு வந்து எட்டு மாசம் ஆகியிருந்தது. ஒவ்வொருத்தர் முதுகிலும் குழலை வைத்துப் பார்த்தார்.

குஞ்ஞுமோள் என்ற அம்மாதான் அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி. "எங்களைச் சீக்கிரம் விடுங்க டாக்டரே" என்றார். "எங்க வீட்டுக்காரன் பீடி இதைவிட நாறும். அதுல சாகாதவ இதுலயா சாகப்போறேன்."

பக்கத்தில் ரம்லத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, "நாத்தம் எங்கடீ அடிச்சது? மாட்டுக்கு அறுத்த புல்லு வாசம்ல அடிச்சது" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சார், கசிஞ்சது என்னன்னு சொல்லுங்க."

"டேங்க் கழுவற ஆசிட்டோட ஆவி டாக்டர். தொண்டை கொஞ்சம் கரகரக்கும்."

"நிச்சயமாத் தெரியுமா? வேற ஏதாவதுன்னா நான் இவங்களை மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பணும்."

"வேற ஒண்ணும் இல்ல டாக்டர்."

அவருக்கு மனம் ஒப்பவில்லை. செல்போனை எடுத்து ஆலையின் பெயரைத் தட்டினார். என் கட்டுரை வந்தது. என் முன்னால் நின்று சத்தமாக வாசித்தார். "பாதுகாப்பில் முன்னோடியான இந்த ஆலையில் இதுவரை குறிப்பிடத்தக்க விபத்துகள் எதுவும் பதிவாகவில்லை." நான் எழுதிய வாக்கியத்தை வேறொருவர் வாய்விட்டு வாசித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓட்டம் நன்றாக இருந்தது.

"இதுல போட்டிருக்கறதை நம்பலாமா சார்?" என்று கேட்டார்.

"சான்று இல்லாம அங்க எதையும் விட மாட்டாங்க டாக்டர்" என்றேன்.

அந்த அறையில் டீச்சரின் நாலு வரி என் ஒருவனுக்குத்தான் தெரியும். நான் எதையும் வாசிக்காமல் நீக்குகிறவன் அல்ல. பதினேழு தடவையும் முழுக்க வாசித்துத்தான் நீக்கினேன். அங்கே நின்றபோது அந்த வரிகள் ஒரு சொல் பிசகாமல் மனசுக்குள் ஓடின. டாக்டர் இருமல் மருந்து எழுதிக்கொடுத்தார். ஒன்பது பேரும் எழுந்தார்கள். குஞ்ஞுமோள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனார். அவர் அசையக் கூடாது என்று நினைத்தேன். நினைத்தது நிஜம்.

மறுநாள் விடிவதற்குள் ரம்லத்துக்கு மூச்சு முட்டியது. பத்து மணிக்குக் குஞ்ஞுமோள். மத்தியானம் சுலோசனா என்று இன்னொருத்தி, இருபத்தாறு வயசு. மற்ற ஆறு பேரை டாக்டர் வீடு வீடாகப் போய் ஆம்புலன்ஸில் ஏற்றினார். அவர்கள் பிழைத்தார்கள்.

குஞ்ஞுமோள் வீட்டுக்கு ஆலை சார்பில் மலர்வளையம் கொண்டுபோனேன். பந்தலில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு வயசான அம்மா வந்து உட்கார்ந்தார். கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, என் தோளைத் தொட்டுத்தான் உட்கார்ந்தார். தானாகவே பேச ஆரம்பித்தார்.

"நான் எல்லாம் எழுதி வச்சிருந்தேன் சாரே. கைதப்பூன்னு ஒருத்தர் எடுத்துட்டாரு. பாவம், அவரு எந்த ஊரோ. நம்ம ஊர்க்காரரா இருந்தா எடுத்திருக்க மாட்டாரு."

நான் அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். டீச்சரின் குரலை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன். அதற்குப் பிறகு அந்த நாலு வரியும் எனக்கு அந்தக் குரலில்தான் கேட்கிறது. குளிக்கும்போது கேட்கிறது. சாப்பிடும்போது, அஞ்சு மணி ஆனால், கட்டாயம் கேட்கிறது.

இனி மிச்சம் ஒன்றுதான், அதையும் மறைக்கவில்லை. அந்த வாரம் ஆலையின் செய்திக்குறிப்பை எழுதியது நான். நோயாளிகளை அவசரப்பட்டு வீட்டுக்கு அனுப்பியதே மரணத்துக்குக் காரணம் என்று எழுதினேன். மூன்று பத்திரிகைகள் அதை அப்படியே போட்டன. அந்த மூன்றையும் சான்றாகக் காட்டி, "மருத்துவரின் கவனக்குறைவால் மூவர் இறந்தனர்" என்று கட்டுரையில் கைதப்பூ சேர்த்தது. டாக்டரைப் பணியிடை நீக்கம் செய்த ஆணையில் அந்த வாக்கியம் அப்படியே இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். இப்போது அவர் வேலையில் இல்லை. வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்கிறார்கள்.

வாயுவின் பெயரை மறைத்தது நான். எச்சரிக்கையை நீக்கியது நான். தெரிந்தே ஒன்பது பேரை நடக்கவிட்டது நான். மூன்று பேர் இறந்தது என்னால். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள் சார். நான் கெட்டவன் இல்லை. அன்றைக்கு அந்த டாக்டர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.