மேசையில் கொட்டிய பாசி

பெயர்: பரமேஸ்வரன் ஞானேஸ்வரி. வயது: 52. முகவரி: கண்டாவளை. தொழில்: விவசாயம்.

திட்ட அலுவலர் பிரதாபனின் மேசையில் ஆபத்தான கழிவைக் கொட்டியதாக என்மீது முறைப்பாடு உள்ளதென அறிவிக்கப்பட்டேன். கொட்டியது நான்தான். ஒளிக்க ஒன்றுமில்லை.

எமது பொதுக் கிணற்றுக்கு அருகில் முன்பு பழைய பற்றறி உருக்கும் பட்டறை இருந்தது. அது மூடப்பட்ட பின்னரும் கிணற்றுத் தண்ணீரில் ஈயம் இருப்பதாகச் சோதனையில் தெரியவந்தது. அதன் பின்னர் பிரதாபன் வந்து, அந்தத் தண்ணீரைத் தொட்டிகளில் விட்டு நுண்பாசி வளர்த்தார். பாசி ஈயத்தை இழுத்துக்கொள்ளும், அதை வடித்தெடுத்தால் தண்ணீர் சுத்தமாகும் என்று அவரே கூட்டம் வைத்துச் சொன்னார். தண்ணீர் சுத்தமானது. அதில் எனக்குக் குறை இல்லை. வடித்த பாசியைக் காயவைத்துப் பைகளில் கட்டி, லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பாதுகாப்பாக அழிப்பதாகவும் சொன்னார்.

அதன் பின்னர் மாதர் சங்கத்தில் இயற்கைப் பசளை, பயிருக்கு நல்ல உரம் என்று எனக்கு மூன்று பைகள் தந்தார்கள். ஒன்றைக் கீரைப் பாத்திக்குப் போட்டேன். என் மருமகள் லக்சிகா ஆறு மாதக் கர்ப்பிணி. கீரை சாப்பிடச் சொல்லிக் குடும்பநல மாது சொன்னதால், அந்தக் கீரையை நானே நாள்தோறும் சமைத்துக் கொடுத்தேன்.

கடந்த திங்கட்கிழமை தொட்டியடிக்குப் போனபோது பைகளைக் காணவில்லை. லொறி வந்ததா என்று பிரதாபனிடம் கேட்டேன்.

"லொறி எங்க அன்ரி வந்தது? வெளிநாட்டுக்காரர் பாக்க வருகினம் எண்டு இடத்தைத் துப்புரவாக்கினனாங்கள். உங்களுக்குப் பசளையாத் தந்தது அதுதான்."

"அப்ப அதுக்குள்ள இருந்த ஈயம்?"

"அதெல்லாம் காய்ஞ்சுபோச்சுது அன்ரி."

பாத்தி முழுவதையும் பிடுங்கினேன். லக்சிகாவை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றேன். இரத்தம் எடுத்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. அதன் பின்னர் மிச்சம் இருந்த இரண்டு பைகளையும் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிச் சென்று, ஒன்றை அவருடைய மேசையில் கொட்டினேன். அவர் தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். நான் அவரைத் தொடவுமில்லை, தூஷணம் பேசவுமில்லை. என் மருமகளின் சாப்பாட்டுக்குப் பசளையாக இருந்தது, அவருடைய மேசைக்கு வந்ததும் எப்படி ஆபத்தான கழிவானது என்று அவரிடம் விசாரிக்க வேண்டும்.

மற்றப் பையைச் சான்றாக இந்தப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்தேன். வாங்கிய உத்தியோகத்தர் அதை நிலையத்தின் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்தார். மேலே உள்ளவற்றை எழுதி முடித்ததும், அவர் எழுந்து போய் அதைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவி வந்தார். அதையும் எழுதும்படி கேட்டேன். எழுதப்பட்டது.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ப. ஞானேஸ்வரி