ஐவி டீச்சரின் இருபது புழுக்கள்

தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே, பள்ளிக்கூட அதிபர் அவர்களே, கொழுந்துக் கூடையை வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் அம்மாமார்களே, பிள்ளைகளே! உங்கள் எல்லோருக்கும் இந்தச் செல்லசாமியின் வணக்கம். முப்பது வருடம் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் கண்டாக்காக இருந்தவன் நான். மலையில் நின்று அதட்டித்தான் பழக்கம். சத்தம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அஞ்சலிக் கூட்டத்தில் அழுவதற்காக நான் மைக்கைப் பிடிக்கவில்லை!

விஞ்ஞான ஆசிரியை திருமதி ஐவி ஜோர்ஜ் அவர்கள்! நம்முடைய ஐவி டீச்சர்! அவருக்குப் 'புழு டீச்சர்' என்று பட்டம் வைத்த மகா புத்திசாலி யார் தெரியுமா? நான்தான்.

மூன்று வருடத்துக்கு முன் தேயிலையின் கொப்புள நோய்க்கு ஒரு புது மருந்து வந்தது. நனோ வெள்ளி. ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் ஆயிரம் துகளை வரிசையாக வைக்கலாமாம்! மருந்தடித்த ஆட்கள் முதுகில் சுமக்கும் மருந்துத் தாங்கியை எங்கே கழுவினார்கள்? தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, ஓடையில்! அந்த இடத்தைக் காட்டியது யார்? இதே செல்லசாமி! நடை மிச்சமாகுமே என்று பார்த்தேன். கீழே லயத்துப் பெண்கள் அந்த ஓடைச் சேற்றை அள்ளித்தானே சட்டிபானை விளக்குகிறார்கள்! அது என் மண்டையில் ஏறவே இல்லை.

"தண்ணி கண்ணாடியாட்டம் ஓடுது, இதுல என்னா டீச்சர் இருக்கு?" என்றேன், தடுக்க வந்த டீச்சரிடம்.

"தண்ணியப் பார்த்தது போதும் கண்டாக்கையா. அந்தத் துகளெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு அடியில போயி படுத்துரும். சேத்தப் பாருங்க!"

இரண்டு தட்டு வைத்தார். ஒன்றில் தாங்கி கழுவும் இடத்துக்கு மேலே எடுத்த சேறு, மற்றதில் கீழே எடுத்தது. தட்டுக்கு இருபது சேற்றுப் புழு. மேல் சேற்றில் இருபதும் சரசரவென்று உள்ளே நுழைந்தன. கீழ்ச் சேற்றில்? நுழைந்தவை மூன்றே மூன்று! மற்றவை வெளியிலேயே கிடந்து நெளிந்தன.

"அப்ப எங்க புள்ளைங்களுக்கு ஏதும் வந்துருமா டீச்சர்?" என்று லயத்து மீனம்மா பதறினார்.

"அது எனக்குத் தெரியாது மீனம்மா. புழுவுக்கு ஒத்துக்கலன்னு மட்டுந்தான் தெரியுது. சேத்த பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவோம். அதுவரைக்கும் சாம்பல்ல வெளக்குங்க."

என்ன நேர்மை, பாருங்கள்! தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

சேற்றில் வெள்ளி இருக்கிறது என்று பதில் வந்தது. கடிதத்தோடு டீச்சர் தோட்டத் துரையின் ஆபீஸ் படியேறினார், பின்னால் நான். "பிழை என்னோடதுங்க தொரை" என்றேன். மருந்து நின்றது, கழுவும் இடமும் ஓடையை விட்டுத் தள்ளிப் போனது. அதோடு டீச்சர் சும்மா இருந்தாரா? மாதாமாதம் புதுச் சேறு, புதுப் புழு! போன மாதம் கீழ்ச் சேற்றில் நுழைந்தவை பதினான்கு. அவர் கைப்பட எழுதிய கடைசி எண் அது.

இந்த மாதம் யார் எண்ணுவது? நேற்றுக் காலை நானும் மீனம்மாவும் தட்டை வைத்தோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை எண்ணினேன். இருபதும் நுழையும் மாதம் வரும்வரை நான் எண்ணுவேன். என் கால் ஓய்ந்தால் மீனம்மா எண்ணுவார். இது சத்தியம்!

எண்ணி முடித்ததும், "இத டீச்சருக்கு யாருங்க சொல்றது?" என்று மீனம்மா அழுதுவிட்டார். அதைச் சொல்லத்தான் மேடையேறினேன்.

பதினெட்டு, டீச்சர்! பதினெட்டு உள்ள போயிருச்சுங்க!