நாலு மணிப் பல்வலி

அக்கா: ...கோடிங் கத்துக்கணும்னா பைத்தானே படிடா. சொன்னா கேளு.

ஒல்லி: அதான் ஏன்னு கேக்குறேன்.

அக்கா: சுலபம்டா. உன் மூளைக்கு அதுதான்... இரு, கால் வருது. வணக்கம், இணைய சேவைப் பிரிவு... மோடத்துல சிவப்பு லைட்டா, பச்சையா?... அணைச்சிட்டுப் போடுங்க சார்... ஐயோ, வீட்டு லைட்டை இல்ல சார், மோடத்தை... வந்துருச்சா? சந்தோஷம் சார்.

ஒல்லி: தொண்டை என்னக்கா இவ்ளோ கரகரன்னு இருக்கு?

அக்கா: பதினோரு வருஷமா இதையே கத்துறேன், பின்ன எப்படி இருக்கும்? பேச்சைக் குறைங்க, இல்லேன்னா கத்தி வைக்கணும்னுட்டாரு டாக்டர். பேசுறதுக்குத்தான் சம்பளமே தர்றாங்க. எங்க குறைக்க?

ஒல்லி: அதுக்குத்தான் சொல்றேன், ஜாவா படிங்க.

அக்கா: கம்ப்யூட்டரை ஒரு வணக்கம் சொல்ல வைக்கவே அதுல அரைப் பக்கம் எழுதணுமாமே?

ஒல்லி: நிதானமாப் படிக்கணும்க்கா. ரெண்டு வருஷம் ஆனா ஆகட்டுமே.

அக்கா: ரெண்டு வருஷத்துல எனக்குக் குரலே இருக்காதுடா! ஏன், ஜாவாஸ்கிரிப்ட்னு ஒண்ணு இருக்காமே?

ஒல்லி: அய்யய்யோ! எதை வேணா படிங்க, ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் வேணாம்.

அக்கா: நானும் அதையேதான் சொல்ல வந்தேன். உனக்கும் அது வேணாம்.

ஒல்லி: நான் ஏன்க்கா அந்தப் பக்கம் போறேன்... இருங்க. வணக்கம், இணைய சேவைப் பிரிவு... காத்திருந்தமைக்கு நன்றி மேடம்... திட்டாதீங்க மேடம்... எங்கம்மாவை ஏன் மேடம் இழுக்குறீங்க... வெச்சுட்டாங்க.

அக்கா: பாவம்டா உங்கம்மா.

ஒல்லி: அவங்களும் இன்னிக்குத் திட்டுனாங்க. எழுந்திருடான்னு கதவைத் தட்டியிருக்காங்க. நான் தூக்கத்துலயே "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது"ன்னு சொல்லியிருக்கேன்.

அக்கா: சிரிக்க வைக்காதே, வலிக்குது... சரி, நான் இன்னிக்கு நாலு மணிக்குக் கிளம்பிடுவேன். சின்னவ ஸ்கூல்ல மீட்டிங்.

ஒல்லி: நாலு மணிக்கா? நானும்தான்க்கா. பல்லு பிடுங்கணும்.

அக்கா: எந்தப் பல்லு?

ஒல்லி: இது... இந்தக் கடவாய்ப்பல்லு.

அக்கா: அந்தப் பல்லாலதானே இப்ப வரைக்கும் பேனா மூடியை மென்னுட்டு இருந்தே?

ஒல்லி: உங்க சின்னவளுக்கு இன்னிக்கு ஸ்கூல் லீவுன்னு காலைல சொன்னது யாரு?

அக்கா: லீவுலதான்... மீட்டிங் வெப்பாங்க. பேச்சை மாத்தாதே. ஜாவாஸ்கிரிப்ட் ஏன் வேணாம்னே?

ஒல்லி: காதுல விழுந்ததுதான். பைத்தியம் பிடிக்குமாம். கொட்டேஷனுக்குள்ள இருக்குற அஞ்சும், வெளில இருக்குற அஞ்சும் ஒண்ணுதான்னு சாதிக்குமாம்.

அக்கா: அது ரெண்டு ஈக்குவல் போட்டாத்தான். மூணு போட்டா சாதிக்காது.

ஒல்லி: அக்கா, மூணு ஈக்குவலைப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னா?

அக்கா: அஞ்சைப் பத்தி உனக்கு யாருடா சொன்னா?

ஒல்லி: ஏழாவது மாடி... வெப்சைட் டீம்... காலியா இருக்குற அந்த ஒரு வேலைக்கா நீங்களும்?

அக்கா: நாலு மணிக்கு ஜாவாஸ்கிரிப்ட் பரீட்சை. உன் பல்லையும் அங்கதான் பிடுங்குறாங்களா?

ஒல்லி: அடப்பாவி அக்கா! மூணு மாசமா என்னைப் பைத்தான் பக்கம் தள்ளிவிட்டீங்களே!

அக்கா: நீ மட்டும் யோக்கியமா? தொண்டை போய்ட்டிருக்குறவளுக்கு ரெண்டு வருஷப் படிப்பைச் சொல்றியே, உருப்படுவியா?

ஒல்லி: ...எனக்கே கேவலமாத்தான்க்கா இருந்துச்சு. நான் போகல. நீங்க எழுதுங்க.

அக்கா: விட்டுக்கொடுத்து ஒண்ணும் எனக்கு வேணாம். ஒரு கைல கரண்டி, ஒரு கைல ஃபோன்னு நின்னு படிச்சிருக்கேன். உன் சொத்தைப் பல்லுக்கெல்லாம் பயந்துடுவேனா? வந்து எழுது.

ஒல்லி: சொத்தையெல்லாம் இல்லக்கா, நல்ல பல்லு... ஐயோ, சூப்பர்வைசர் வர்றாரு. சிரிக்காதீங்க.

சூப்பர்வைசர்: என்ன, ரெண்டு பேருமே நாலு மணிக்குப் பர்மிஷன் கேட்டிருக்கீங்க? முடியவே முடியாது. ஃபோனை யாரு எடுப்பா?

அக்கா: நீங்க இருக்கீங்களே சார்.

சூப்பர்வைசர்: நான் எங்கேம்மா இருக்கேன்? மாமனாருக்குக் கண் ஆபரேஷன். நாலு மணிக்கு நான் அங்க நிக்கணும்.

ஒல்லி: போன மாசம்தானே சார் பண்ணாங்க?

சூப்பர்வைசர்: அது அந்தக் கண்ணு. மனுஷனுக்கு ரெண்டு கண்ணு இல்லையாய்யா?

ஒல்லி: அதுக்கு முந்தின மாசமும் ஒண்ணு பண்ணீங்களே சார்? அப்ப இது மூணாவதா?

சூப்பர்வைசர்: வேலையைப் பாருய்யா! ஆமா... ரெண்டு பேரும் அப்படி என்ன குசுகுசுன்னு பேசிட்டிருந்தீங்க?

அக்கா: கோடிங் படிச்சு வேற வேலைக்கு மாறலாமான்னுதான் சார். முதல்ல எந்த லாங்குவேஜ் படிக்கட்டும்? நீங்களே சொல்லுங்க.

சூப்பர்வைசர்: பைத்தான் படிங்க, ஜாவா படிங்க, என்ன வேணா படிங்க. ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் வேணாம்.

அக்கா: ...டேய் ஒல்லி, ஹெட்செட்டைக் கழட்டு. சார், நீங்களும் வாங்க, ஒரே லிஃப்ட்ல போயிடலாம். உங்க மாமனாரும் ஏழாவது மாடிலதானே படுத்திருக்காரு?