புது அணிக்குப் போனவன்

உங்கள் காபி மோசமில்லை, மேடம். காவல் நிலையக் காபியை வாயில் வைக்க முடியாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சும்மா சொல்லக்கூடாது, இது நன்றாகவே இருக்கிறது. சூடாகக் குடிக்கிற எதையும் பக்குவமாகத் தயாரிப்பது எல்லோருக்கும் வராது. அதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. மைதானத்துக்கு வெளியே வண்டி நிறுத்தும் வடக்குத் திடலில் போய் வெர்ன் காய்ச்சும் ஆப்பிள் சாறு என்று கேட்டுப் பாருங்கள். பட்டை, கிராம்பு, அதற்கு மேல் தாராளமாக இஞ்சி. தொண்டையில் எரிந்துகொண்டே இறங்க வேண்டும். இந்த ஊர் டிசம்பர் குளிருக்கு வேறு எது தாங்கும்?

திடலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்களில் முக்கால்வாசிப் பேர் மைதானத்துக்குள் கால் வைத்துப் பல வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பின்கதவைத் திறந்து, அடுப்பு மூட்டி, தொத்திறைச்சி வாட்டிக்கொண்டு, எங்கள் கூட்டாளி லைலின் டிரக்கில் கட்டியிருக்கும் டிவியில் ஆட்டம் பார்ப்போம். உள்ளே எழும் கூச்சல்தான் முதலில் எங்கள் காதில் விழும். டிவியில் அந்தக் காட்சி கொஞ்சம் தாமதித்துத்தான் வரும். அந்த இடைவெளியில் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். கூச்சலின் தினுசைக் கேட்டே என்ன நடந்தது என்று நான் சொல்வேன். தப்பினதே இல்லை. திடலில் என் பேச்சுக்கு இருந்த மரியாதை அப்படி.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. பக்கத்து வண்டிக்காரன் கையில் கொடுத்ததை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதும் இல்லை.

டேமன் க்ரெய்லை உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஊர் அணியின் குவார்ட்டர்பேக். அணிக்கே தலை மாதிரி அவன். பந்து அவன் கைக்கு வந்து, அவன் எறிந்துதான் ஆட்டம் நகரும். அவன் எறிந்த பந்து பாதி நேரம் எதிரணிக்காரன் மடியில் போய் விழுந்தது. அவன் இங்கே இருந்த காலம் முழுக்க நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். கடைசியில் வசந்தகாலத்தில் அவனைத் தெற்கே ஒரு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். அன்று அவன் பெயர் போட்ட சட்டையை என் அடுப்பிலேயே போட்டு எரித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆரின் மட்டும் தட்டவில்லை. ஆரின் டெஷ், என் தங்கை மார்லிஸின் கணவன்.

"பாவம்டா அவன். புது இடம், புது கோச். அங்க போய்த் தேறிடுவான், பாரு" என்றான்.

"எந்த ஊருக்குப் போனா என்ன மாப்ளே? கை அதே கைதானே? கூடவே எடுத்துட்டுத்தானே போறான்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆரின் விடவில்லை. "அப்ப என்னைப் பத்தி என்ன சொல்றே மச்சான்? நானும் இடம் மாறி வந்தவன்தானே?"

அது உண்மை. பழைய ஊரில் அவன் மொடாக் குடிகாரன். குடித்துவிட்டு, முதல் மனைவிக்குப் பிறந்த பெண் குழந்தையை வண்டியில் வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறக்கினான். குழந்தைக்குக் கீறல்கூட இல்லை, ஆனால் கோர்ட் அவளைப் பிரித்துவிட்டது. அதன் பிறகுதான் இங்கே வந்தான், காகித ஆலையில் சேர்ந்தான், மார்லிஸைக் கட்டிக்கொண்டான். சொட்டுக்கூடத் தொடவில்லை. குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு வாரம் தவறாமல் போவான். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அந்தப் பெண் டெஸ்ஸாவை அவனோடேயே அனுப்புவதாக நீதிபதி சொல்லியிருந்தார். ஒரு தடவை குடித்தது தெரிந்தாலும் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மாடி அறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்து வைத்திருந்தான். நானும் போய் அடிக்க உதவினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இலையுதிர்காலம் வந்தது. க்ரெய்ல் அங்கே ஜெயிக்க ஆரம்பித்தான். முதல் ஆட்டத்தில் ஜெயித்தபோது குருட்டு அதிர்ஷ்டம் என்றேன். அடுத்ததற்கு எதிரணி சொத்தை என்றேன். அதற்கும் அடுத்ததற்கு அடுப்பைக் கிளறப் போய்விட்டேன். லைல் ஒரு நாள் எல்லோர் முன்னாலும், "இனிமே வெர்ன் என்ன சொல்றானோ அதுக்கு நேர் எதிரா நினைச்சுக்கலாம்டா, தப்பே வராது" என்றான். என்ன சிரிப்பு அங்கே. என் தங்கைகூட, "ஆரின் சொன்னதுதானே நடக்குது அண்ணா, ஒத்துக்கோயேன்" என்றாள். கூச்சல் எழும்பினால் இப்போது ஆரின் முகத்தைப் பார்த்தார்கள். அவனுக்கு அந்தக் கூச்சலில் ஒரு மண்ணும் புரியாது.

எனக்கு ஆரின் மீது கோபம் கிடையாது, மேடம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு தப்பான கருத்து ஊரில் பரவிக்கொண்டிருந்தது. இடம் மாறினால் மனிதன் மாறுவான் என்று. அதற்கு அவர்கள் காட்டிய சாட்சி இரண்டு பேர். ஒருவன் தெற்கே இருந்தான், என் கைக்கு எட்டமாட்டான். இன்னொருவன் என் பக்கத்தில் நின்று தொத்திறைச்சி தின்றுகொண்டிருந்தான்.

ஆரினுக்கு மூக்கு வேலை செய்யாது. பள்ளிக்கூடத்தில் விளையாடும்போது உடைந்தது. வாசனை தெரியாதவனுக்கு ருசியும் பாதிதான். வோட்காவுக்கு என்ன பெரிய ருசி? எரிச்சல்தான், அது இஞ்சி என்று நினைத்துக்கொள்வான். அவனுக்கென்று பச்சை மூடி போட்ட குடுவை ஒன்று தனியாக வைத்தேன். மற்றவர்கள் எடுத்துவிடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். திடலில் சின்னப் பிள்ளைகளும் ஓடியாடுவார்கள் இல்லையா.

முதல் ஞாயிறு மூடி அளவுதான் ஊற்றினேன். அவன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தான். அடுத்த வாரம் சற்றுக் கூட்டினேன். "மச்சான், இந்த வருஷம் உன் சாறு அமிர்தம்டா" என்றான்.

இரண்டு நாள் கழித்து என் கேரேஜுக்கு வந்தான். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்தான்.

"என்னமோ ஆயிடுச்சு மச்சான். பழைய தாகம் திரும்ப வந்துடுச்சு. ராத்திரி பூரா அதே நினைப்பு. எதனாலன்னே தெரியலை. நான் தொடக்கூட இல்லை, சத்தியமா."

"டெஸ்ஸா வரப்போறா இல்ல, அந்தப் படபடப்புதான். சரியாயிடும்."

"மார்லிஸ்கிட்ட சொல்லாதே. பயந்துடுவா."

"சொல்லமாட்டேன்" என்றேன். சொல்லவும் இல்லை. அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனான்.

அந்த வாரம் முழுக்க நான் வேலை முடிந்து வரும்போது மதுக்கடைகள் இருக்கும் தெருவழியாகவே வந்தேன். அவன் வண்டி எங்காவது நிற்கிறதா என்று பார்ப்பேன். நிற்கவே இல்லை. எப்போது பார்த்தாலும் தேவாலயத்து நிலவறை முன்னால்தான் நின்றது, அங்கேதான் அவர்கள் கூட்டம். தினமும் போக ஆரம்பித்திருந்தான். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது. ஒருவனுக்குள் இருப்பதை வெளியே வரவிடாமல் ஆளாளுக்குச் சேர்ந்து பொத்தி வைத்தால் உண்மை எப்படித் தெரியும்? அதனால் அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று.

அதற்கடுத்த ஞாயிறுதான் க்ரெய்ல் தன் புது அணியோடு எங்கள் ஊருக்கே ஆட வந்தான். பகல் ஆட்டம். அப்படியொரு குளிரை அந்த வருடம் அதுவரை பார்க்கவில்லை. அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் மரத்துப்போகும். பச்சை மூடிக் குடுவையில் பாதிக்குப் பாதி கலந்திருந்தேன். ஆரின் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டே இருந்தான்.

எங்கள் திடலில் வாதத்தில் தோற்றவன் எதிராளியின் சட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, முழங்கால் போட்டு எல்லோருக்கும் பரிமாற வேண்டும். லைல் க்ரெய்லின் புதுச் சட்டையை எங்கிருந்தோ வாங்கி, கண்ணில் படுகிற மாதிரி ஆண்டெனாவில் மாட்டி வைத்திருந்தான்.

கடைசி நிமிடம் வரை எங்கள் அணிதான் முன்னால் இருந்தது. டிவியில் க்ரெய்ல் எறிவதற்காகப் பந்தோடு பின்வாங்கினான். உள்ளே காதைக் கிழித்த கூச்சல் திடீரென்று நின்றது. அறுபதாயிரம் பேர் வாயடைத்துப் போனால் எப்படி இருக்கும் தெரியுமா? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பழையபடி என்னைத்தான். எதிரணி ஜெயித்தால்தான் அந்த மௌனம் வரும் என்று அங்கே நிற்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"க்ரெய்ல் பந்தைப் பறிகொடுத்துட்டான்" என்றேன்.

பிறகு டிவியில் பந்து பறந்தது. அதே கைதானே என்று நான் சொன்ன அந்தக் கையிலிருந்து, அவன் அணிக்காரன் கையில் வைத்தாற்போல் போய் இறங்கியது.

சட்டையை என் கழுத்தில் கட்டினார்கள். "முழங்கால் போடுங்க ஜோசியரே" என்றான் லைல். பனியில் முழங்காலிட்டேன். அப்போது ஆரின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முடிச்சை அவிழ்த்தான். "விடுங்கடா, போதும். என் மச்சான்டா அவன்" என்றான். என்னைக் கை கொடுத்துத் தூக்கினான். அதற்கும் எல்லோரும் கைதட்டினார்கள்.

திடல் காலியாகிக்கொண்டிருந்தது. ஆரின் தன் டிரக்கின் கதவைப் பிடித்தபடி நின்றான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"மச்சான், நான் குடிச்சிருக்கேன்" என்றான்.

"என்னடா உளர்றே?"

"உடம்புக்குத் தெரியுமே. எனக்குத் தெரியாதா இது? எப்படின்னுதான் புரியலை. யாரு எனக்கு... நான் எதையும் தொடலையே மச்சான்." அழ ஆரம்பித்தான். பிறகு சாவியை என் கையில் திணித்தான். "இதை வச்சுக்கோ. நான் கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்காதே. இன்னொரு தடவை இப்படி வண்டி ஓட்டமாட்டேன். என் போன் குளிர்ல செத்துப்போச்சு, நீ மார்லிஸுக்குச் சொல்லு. வந்து கூட்டிட்டுப் போகட்டும். நானே அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைக் குடுத்துப் பார்த்துடலாம்."

"சரி, ஏறி உட்காரு. அவ வருவா" என்றேன். கைத்தாங்கலாக ஏற்றிவிட்டேன். குடுவையையும் காலடியில் வைத்தேன், குளிருக்கு இதமாக இருக்குமே என்று. கதவைச் சாத்தினேன்.

வீட்டுக்குப் போய் அவன் சாவியை என் சாவிக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்டினேன். நீங்கள் அங்கேதான் கண்டெடுத்தீர்கள். ஒளித்து வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இருட்டுகிற நேரத்தில் மார்லிஸ் போன் செய்தாள்.

"அண்ணா, ஆரின் உன்கூடவா இருக்கார்?"

"இல்லையே. லைல் ஆளுங்களோட எங்கேயோ கிளம்பினான். கொஞ்சம் தள்ளாடின மாதிரி இருந்துச்சு. உங்கிட்ட சொல்லவேண்டாம்னு பார்த்தேன்."

அவள் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். தேடிப் போகவில்லை. அவள் குணம் எனக்குத் தெரியும், போகமாட்டாள்.

டிரக்கில் அவன் குளிரில் விறைத்துச் செத்திருந்ததைக் காலையில் திடலைக் கூட்ட வந்தவர்கள் பார்த்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் இல்லை, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தானாம். பெல்ட்டும் போட்டிருந்தானாம். யாராவது வந்து ஓட்டிப் போவார்கள் என்று காத்திருந்த மாதிரி. நீங்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள், அதில் எனக்கு ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை.

அடக்கத்தன்று மார்லிஸ் அழவில்லை. "பொய்க்காரன், கடைசிவரைக்கும் என்னை ஏமாத்திட்டான்" என்றாள். அவன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டாள். டெஸ்ஸா வந்திருந்தாள். "அப்பா மறுபடியும் குடிச்சாரா?" என்று என்னிடம் கேட்டாள். "ஆமாம் கண்ணு" என்றேன். பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது. வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் சாறு காய்ச்சினேன். அதில் எதுவும் கலக்கவில்லை.

ஆமாம், ஊற்றியது நான்தான். சாவியை எடுத்துக்கொண்டு போனதும் நான்தான். மார்லிஸுக்குச் சொல்லாததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் கொன்றேன் என்று நீங்கள் எழுதினால் அதை ஒத்துக்கொள்ளமாட்டேன். கதவை நான் பூட்டவில்லை. திடலுக்கு எதிரிலேயே பெட்ரோல் பங்க் இருக்கிறது, விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். புத்தி தெளிவாக இருக்கிற எவனும் இறங்கி நடந்து போயிருப்பான். அவன் போகவில்லை. ஏன் போகவில்லை? குடித்திருந்தான். புது ஊர், புது வீடு, புதுப் பெண்டாட்டி எல்லாம் இருந்தும், கடைசியில் குடித்துத்தான் செத்தான். நான் ஆரம்பத்திலிருந்தே சொன்னேன், ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. இப்போது லைலைக் கூப்பிட்டுக் கேளுங்கள், மேடம், நான் சொன்னதுதானே சரி?