புது சர்வரின் முதல் போணி

வெப்சைட்டுக்கு ஹோஸ்டிங், அதாவது சர்வரில் இடம், வாங்குகிற யாரும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதில்லை, சார். எவ்வளவு இடம், எவ்வளவு வேகம், எத்தனை ஈமெயில் என்று எல்லாம் விசாரிப்பார்கள். கோளாறு வந்தால் போனை எடுக்கப்போகிறவன் யார் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். ‘அன்லிமிடெட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் மயங்கிவிடுவார்கள். அன்லிமிடெட் மீல்ஸ் போடுகிற ஓட்டலில் மூன்றாவது தடவை பொரியல் கேட்டால் பரிமாறுகிறவர் எந்தப் பக்கம் பார்ப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

ஜோயல் மேல் போட்டிருக்கிற வழக்கில் சாட்சி சொல்லத்தான் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பித்தால்தான் விளங்கும்.

என் அத்தா ஜலாலுதீனுக்குச் செங்கல்பட்டு பஜாரில் ஜவுளிக்கடை. எதிர்க்கடையில் இன்ன துணி இருக்கிறதே என்று யாராவது வந்து சொன்னால், அத்தா அதைக் குறை சொல்ல மாட்டார். குறை சொன்னால் பொறாமை என்று நினைத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக எதிர்க்கடைத் துணியிலேயே நாலைந்து வாங்கி உள்ளே வைத்திருப்பார். “தாராளமா பாருங்கம்மா, நம்மகிட்டயும் கீது” என்று அவரே எடுத்துப் பிரிப்பார். பிரிக்கிற இடம் மட்டும் கடையின் பின்பக்கம், டியூப்லைட் எட்டாத மூலை. அங்கே வைத்துப் பார்த்தால் பட்டுப்புடவையே பழைய புடவை மாதிரித்தான் தெரியும். அந்த அம்மா தானாகவே முகத்தைச் சுளித்துக்கொண்டு எங்கள் சரக்குக்கு வந்துவிடுவார். இதில் பொய் ஒன்றும் இல்லை பாருங்கள். சரக்கும் அசல், வார்த்தையும் அசல். வெளிச்சம்தான் கொஞ்சம் குறைவு.

நான் துணிக்குப் போகவில்லை. மாமல்லபுரத்தில், ஒரு சிற்பக்கூடத்துக்கு மேலே ஆபீஸ் போட்டு, ரிசார்ட்டுகளுக்கும் மீன் ஓட்டல்களுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் வேறு. யாருக்கு என்ன வேண்டும் என்று பேசி, வேலையைப் பிரித்துக் கொடுத்து, முடித்து, எங்கே ஹோஸ்ட் செய்வது என்று தீர்மானிப்பது என் வேலை.

ரெபேக்காள் அக்கா என்னைத் தேடி வந்தது அப்படித்தான். ஓய்வுபெற்ற நர்ஸ். கூடுவாஞ்சேரியில் இருந்துகொண்டு, மதுராந்தகத்திலிருந்து கல்பாக்கம் வரைக்கும் ரத்தம் கொடுக்கிறவர்களை ஒன்று சேர்த்து வைத்திருந்தார். யாருக்காவது ரத்தம் தேவை என்றால் ஒவ்வொருவராகப் போன் போட்டுத் தொண்டை கட்டிப்போகும். அதற்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்றார். செய்து கொடுத்தேன். கமிட்டியில் ஒருவர் பச்சை நிறம் கேட்டார், அது கட்சி நிறமாகிவிடும் என்று இன்னொருவர் சண்டை போட்டார். கடைசியில் ரத்தத்துக்குச் சிவப்பே போதும் என்று முடிந்தது.

ஸைட் வேலை செய்கிற விதம் எளிது. நோயாளியின் சொந்தக்காரர் எந்த வகை ரத்தம், எந்த ஊர் என்று பதிவு செய்வார். அக்கம்பக்கத்தில் அதே வகை ரத்தம் உள்ளவர்கள் எல்லோருக்கும் உடனே எஸ்.எம்.எஸ். போகும். பதிவு செய்தவரின் போனில் ‘கொடையாளர்களுக்குத் தகவல் அனுப்பப்பட்டது’ என்று காட்டும். சோதித்துப் பார்ப்பதற்காக முதல் கொடையாளராக என் பெயரைத்தான் போட்டேன். ஓ நெகட்டிவ். சும்மா போட்டதில்லை, என் ரத்தம் நிஜமாகவே அதுதான். சுலபத்தில் கிடைக்காத வகை.

ஸைட்டை என் சர்வரிலேயே வைத்தேன். அடியில் சின்னதாக அஃப்தாப் என்று என் பெயர் இருக்கும். பெரிய வருமானம் இல்லை. ஆனால் கடற்கரைச் சாலையில் எந்த முதலாளியைப் பார்க்கப் போனாலும், “அந்த ரத்த ஸைட் பண்ணவரா நீங்க?” என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். அந்த நாற்காலியை வேறெங்கும் வாங்க முடியாது.

ஜோயல் ரெபேக்காள் அக்காவின் தங்கை மகன். தினம் ரயிலேறிச் சென்னைக்குப் போய் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். கமிட்டிக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தான்.

“பாய், தப்பா எடுத்துக்காத. ஸைட்டு உன் சர்வர்ல கீது. ஸைட்டோட பேரும் உன் பேர்லதான் ரிஜிஸ்டர் ஆகிகீது. நாளைக்கு நீ கோச்சிகினு மூடிட்டா நாங்க இன்னா பண்றது?”

“டேய், வாய அடக்கு. பாய் நம்ம வூட்டுப் புள்ள” என்றார் அக்கா.

“வூட்டுப் புள்ளதானே பெரிம்மா? அப்போ சாவி வூட்ல இருக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சொன்னது சரி என்பது எனக்குத் தெரியும். என் வாடிக்கையாளர் யாராவது இன்னொருவரிடம் மாட்டியிருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் எங்கள் கடைப்படி ஏறியவர்கள் யாரும் வெறுங்கையோடு இறங்கி எதிர்க்கடைக்குப் போனதில்லை.

“ஜோயல் சொல்றது நியாயம்தான்க்கா. அவன் சொல்ற கம்பெனியிலயே ஒரு வாரம் வெச்சுப் பாப்போம். மாத்திக் குடுக்கிற வேலய நானே செய்றேன்” என்றேன்.

ஜோயல் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். “சூப்பர் பாய். நீ மல்லுக்கு நிப்பேன்னு நெனச்சிகினு இருந்தேன்.” நல்ல பையன். அவனைப் பற்றி நீங்கள் எழுதுகிற எதிலும் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஸைட்டைப் புது சர்வருக்கு மாற்றினேன். பக்கம் பக்கமாகச் சரிபார்த்தேன். முன்பைவிட வேகமாகத் திறந்தது. நல்ல கம்பெனியைத்தான் தேர்ந்தெடுத்திருந்தான். எஸ்.எம்.எஸ். வெளியே போவதற்குப் புது இடத்தில் ஒரு அனுமதியைத் திறந்துவிட வேண்டும். அதை மட்டும் திறக்கவில்லை. ‘தகவல் அனுப்பப்பட்டது’ என்று காட்டும், ஆனால் யாருக்கும் போகாது. என்ன பதிவாகிறது என்று பார்ப்பதற்காக என் போனுக்கு மட்டும் தகவல் வருகிற மாதிரி வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் ஆபரேஷன், அதற்கு அடுத்த நாள் ஆபரேஷன் என்றுதான் பெரும்பாலும் பதிவு வரும். இரண்டு பேர் அக்காவுக்குப் போன் போட்டுத் திட்டுவார்கள், அக்கா எனக்குப் போன் போடுவார், ஸைட் வீடு திரும்பிவிடும். யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. டியூப்லைட் எட்டாத மூலை, அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் ஒரு ரிசார்ட் முதலாளியோடு மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. புது சர்வரில் முதல் பதிவு. ஜாக்குலின், பிரசவம், ரத்தப்போக்கு, செங்கல்பட்டில் ஒரு நர்சிங் ஹோம், உடனே தேவை. ஓ நெகட்டிவ்.

அந்த அனுமதியைப் போனிலிருந்தே திறக்கலாம். அதையும் விட்டால், திருக்கழுக்குன்றம் வழியாக நானே காரில் போய் ரத்தம் கொடுக்கப் படுத்துக்கொள்ளலாம். இரண்டும் எனக்குத் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன், தோன்றின. ஆனால் அது போணி, சார். வியாபாரக் குடும்பத்தில் பிறக்காதவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம். புது இடத்தில் முதல் வியாபாரம் நல்லபடியாக நடந்துவிட்டால், அந்த இடம் நிலைத்துவிடும். மாற்றிய மறுநாளே ஒரு தாயைக் காப்பாற்றிய ஸைட்டை யார் திரும்ப எடுப்பார்கள்? ஜோயல் அதை ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பான். வேறு எந்தப் பதிவாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. போணியை விட முடியாது.

ஸைட்டின் அடியில் உதவிக்கு என்று இருப்பது என் நம்பர்தான். ஜாக்குலினின் புருஷன் பூபாலன் கூப்பிட்டார்.

“சார், ரத்தம் கேட்டுப் போட்டேன் சார். போயிடுச்சுன்னு காட்டுது. ஒருத்தரும் வர்லியே.”

“தகவல் போயிருக்குங்க. கொஞ்சம் பொறுங்க. போனை பிஸியா வெச்சுக்காதீங்க, கொடுக்கறவங்க கூப்பிடுவாங்க.”

நிதானமாகத்தான் சொன்னேன். பயந்தவர்களிடம் நிதானமாகப் பேச வேண்டும் என்பது கடையில் கற்றது. எதிரே உட்கார்ந்திருந்த ரிசார்ட் முதலாளி, போனில் யார் என்று என்னைக் கேட்டார். கஸ்டமர் என்றேன்.

பூபாலன் மறுபடியும் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

“சார், மதுராந்தகத்துல என் மச்சானோட சிநேகிதன் ஒருத்தன் கீறான், அதே குரூப்பு, போன எடுக்க மாட்றான். பைக்க எடுத்துகினு போயி இட்டாந்துரட்டுமா?”

“நீங்க நகராதீங்க. வர்றவங்க உங்களத் தேடி அலையக் கூடாது பாருங்க.”

“சரி சார். இங்கியே குந்திகினு இருக்கேன் சார். ரொம்ப தேங்க்ஸ் சார்.”

தேங்க்ஸ் சொன்னார். பிறகு அவர் கூப்பிடவில்லை.

ஜாக்குலின் போய்விட்டார். குழந்தை பிழைத்துக்கொண்டது. பெண் குழந்தை என்று அக்கா அழுதுகொண்டே சொன்னார். ஜோயலைப் பூபாலனுடைய ஆட்கள் அவன் வீட்டு வாசலிலேயே அடித்தார்கள். அக்கா தடுக்கவில்லை. “எம்மா வேகம், எம்மா வேகம்னியேடா, ஒரு உசுரு பூட்ச்சே” என்று மட்டும் கேட்டார். அவன் வாயிலிருந்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, “அனுப்பிடுச்சுன்னுதான் பெரிம்மா காட்டுது, எனக்கே புரியல” என்றான். அதற்குள் எல்லாவற்றையும் என் சர்வருக்கே திருப்பிக்கொண்டு வந்திருந்தேன். அடுத்து நடந்த முகாமில் முதல் ஆளாகப் படுத்து ரத்தம் கொடுத்தவனும் நான்தான். அக்கா என் தலையைத் தடவினார்.

இதை யாருக்கும் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. மனசாட்சி, தூக்கமின்மை, அதெல்லாம் இல்லை. நன்றாகத் தூங்குகிறேன். அவர்கள் எங்கள் ஸைட்டை நம்பி உட்கார்ந்திருந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு விதத்தில் பெருமைகூட உண்டு. அவ்வளவு நம்பிக்கை வருகிற மாதிரி ஸைட் செய்வது லேசில்லை.

கையெழுத்துக்காக இப்போது என் முன்னால் வைத்திருக்கிறீர்களே, இந்தத் தாள்தான் என்னைப் பேச வைக்கிறது. ‘சர்வர் மாற்றத்தின்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஜோயல் கம்பெனியைத் தேர்ந்தெடுத்ததோடு சரி. சர்வரைத் தொட்டதே இல்லை. மாற்றியவன் நான். அப்படியானால் இந்தக் கவனக்குறைவு யாருடையது? நாளைக்கு இது பேப்பரில் வரும். ரிசார்ட்காரர்கள் படிப்பார்கள். அஃப்தாப் ஒரு அனுமதியைத் திறக்க மறந்தான் என்று பேசிக்கொள்வார்கள். நேற்று தொழிலுக்கு வந்த பையன்கூட அதை மறக்க மாட்டான், சார்.

அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். தெரிந்தே நிறுத்தி வைத்தேன் என்று எழுதுங்கள். அந்த அம்மாவின் புருஷன் முதல் தடவை கூப்பிட்டபோதும், இரண்டாம் தடவை கூப்பிட்டபோதும் அது என் கையில்தான் இருந்தது, நான் திறக்கவில்லை என்றும் எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். என் கைக்கு வந்த எந்த வெப்சைட்டும் இதுவரை தானாக நின்றதில்லை.